எட்டுச் சன்னல்களுக்கு ஒரு திரைச்சீலை: நடுவயது, கவனம், மைசூரு

1. பொருளும் எல்லையும்

சமூக ஊடகத்தால் வரும் கேடு என்றதும் பேச்சு பதின்பருவத்துப் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆய்வுகளில் பெரும்பகுதியும் அவர்களைப் பற்றியதே. பிள்ளையின் கைபேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டும் தகப்பன், பூட்டிய கையோடு தன் கைபேசியை எடுத்து என்ன பார்க்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அவரைப் பற்றியது இக்கட்டுரை. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினர் சமூக ஊடகத்தைக் குறைத்துக்கொண்டு, தம் நாளைத் தாமே தீர்மானித்து வாழ முற்படும்போது எதைக் குறைக்கிறார்கள், எதைக் குறைக்க முடிவதில்லை, அதற்குப் பழைய முன்மாதிரிகள் ஏதும் உண்டா என்பவை இங்கே ஆராயப்படுகின்றன.

ஆய்வுக்களம் மைசூரு. ஓய்வூதியக்காரர்களின் சொர்க்கம் என்று நெடுங்காலமாகப் பெயரெடுத்த ஊர் என்பது ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம், கவனத்தை எப்படிக் குவிப்பது, எப்போது கலைப்பது என்ற கேள்விக்கு இந்த ஊர் கடந்த நூறாண்டுகளில் வெவ்வேறு துறைகளிலிருந்து விடை தேடியிருக்கிறது என்பது. உளவியல், வானொலி, இதழியல், யோகம், நாவல் எல்லாம் இதில் வருகின்றன.

ஒரு பாகுபாட்டை முதலிலேயே செய்துகொள்ள வேண்டும். முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூபின் குறுங்காணொளிகள் ஆகியவை ஒரு வகை. தெரியாதவர்களின் வாழ்க்கை நம் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப் வேறு வகை. அதில் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள், அடுக்குமாடிச் சங்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பெயரில் அடக்கி ஒரே மருந்தைப் பரிந்துரைப்பதால்தான் பெரும்பாலான அறிவுரைகள் பத்து நாள்கூடத் தாங்குவதில்லை.

2. நடுவயது என்னும் நிலை

நடுவயது நெருக்கடி என்ற கருத்தைப் பரவலாக்கியவர் எலியட் ஜாக்ஸ். உளப்பகுப்பாய்வாளரான அவர் 1965இல் வெளியிட்ட கட்டுரையில் கலைஞர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். முப்பதுகளின் நடுவில் தொடங்கும் தடுமாற்றத்துக்கு அவர் கண்ட காரணம், சாவு என்பது பொதுவான செய்தியாக இல்லாமல் தன் சொந்தச் செய்தியாக மாறுவது. பிளாஞ்ச்ஃப்ளவர், ஆஸ்வால்டு என்ற பொருளியலாளர்கள் 2008இல் பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து, மனநிறைவு இளமையில் உயர்ந்தும் நாற்பதுகளில் தாழ்ந்தும் முதுமையில் மீண்டும் உயர்ந்தும் செல்கிறது என்றார்கள். அண்மைக்காலத்தில் இளையோரின் மனநிலை சரிந்ததால் அந்த வளைவே உருமாறி வருகிறது என்று பிளாஞ்ச்ஃப்ளவரே எழுதிவருகிறார். எனவே அதை இயற்கை விதிபோலக் கொள்ள வேண்டியதில்லை.

நம் ஆய்வுக்கு அதிகம் பயன்படுவது ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் 1990களில் முன்வைத்த கோட்பாடு. எஞ்சியிருக்கும் காலம் குறைவு என்று உணர உணர, மனிதர்கள் அறிமுகங்களைக் குறைத்துக்கொண்டு நெருக்கமானவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்கிறது அது. வட்டம் சுருங்குவது இங்கே இழப்பு அன்று, தேர்வு. முகநூல் இதற்கு நேர் எதிராக நிற்கிறது. நாற்பத்தெட்டு வயதில் இயல்பாக உதிர்ந்துபோக வேண்டிய கல்லூரி அறிமுகம் ஒவ்வொன்றையும் அது பிறந்தநாள் நினைவூட்டலோடு திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

நம் மரபிலும் இதற்கு இரண்டு பாதைகள் உண்டு. மனு சொல்லும் வானப்பிரஸ்தம் ஒன்று. தோல் சுருங்கி, முடி நரைத்து, மகனுக்கு மகன் பிறந்ததைக் கண்டபின் காட்டுக்குப் போகச் சொல்வது அது. தொல்காப்பியக் கற்பியல் காட்டும் வழி வேறு. இன்பம் நிறைந்து முதிர்ந்த காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் சிறந்தவற்றைப் பயிலவேண்டும் என்கிறது ஒரு நூற்பா. அங்கே காடு இல்லை, சுற்றம் இருக்கிறது. முழுக்க விலகுவதா, உறவுகளுக்குள் இருந்தபடியே தேர்ந்தெடுப்பதா என்ற இன்றைய கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. என் சாய்வு தொல்காப்பியர் பக்கம்.

3. முடிவு இல்லாத ஓட்டம்

தகவல் பெருகினால் அது தின்பது கவனத்தை என்று பொருளியலாளர் ஹெர்பர்ட் சைமன் 1971லேயே விளக்கிவிட்டார். ஆனால் அவர் காலத்துத் தகவலுக்கு ஓரிடத்தில் முடிவு இருந்தது. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலி இரவில் விடைபெற்றுக்கொண்டது. 2006இல் ஏசா ராஸ்கின் வடிவமைத்த முடிவிலாச் சுருள் அந்த முடிவை அகற்றியது. பக்கத்தின் அடியை எட்டும்போது அடுத்ததைத் தட்டலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க ஒரு கணம் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கணம் போயிற்று. அதற்காகத் தாம் வருந்துவதாக அவரே பின்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். 2009இல் முகநூலின் விருப்பப் பொத்தான் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் இந்தியாவில் தரவின் விலை சரிந்தது. அதுவரை ஒரு ஜிபியை மாதம் முழுக்க எண்ணி எண்ணிச் செலவழித்தவர்களின் கையிலிருந்த கடைசித் தடையும் நீங்கியது.

இன்றைய நடுவயதினருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இருபதுகளிலோ முப்பதுகளிலோ ஆர்குட்டில் நுழைந்து, 2014இல் அது மூடப்பட்டதைப் பார்த்தவர்கள் இவர்கள். இவர்களின் பள்ளிக்காலம் கைபேசி இல்லாத காலம். இதற்கு முன் எப்படி இருந்தோம் என்பது நினைவில் இருப்பதால், குறைத்துக்கொள்வது இவர்களுக்குப் புதிதாக ஒன்றைக் கற்பது அன்று.

நேரமும் இந்த வயதில் முழுசாகக் கிடைப்பதில்லை. குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் நடுவில், பள்ளி வேனுக்கும் அலுவலகப் பேருந்துக்கும் நடுவில், மருத்துவமனையில் அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும்போது என்று துண்டு துண்டாக வருகிறது. முன்பு இத்துண்டுகளில் மனம் சும்மா அலைந்தது. பாதிக் கவலையும் பாதித் திட்டமுமாகப் பல முடிவுகள் அங்கேதான் எடுக்கப்பட்டன. சுருள் முதலில் தின்றது இந்தத் துண்டுகளை. கைபேசி காட்டும் அன்றாடத் திரைநேரக் கணக்கு மொத்தத்தைச் சொல்லும். எந்த நேரம் போயிற்று என்று சொல்லாது. எத்தனை மணி நேரம் என்பதைவிட, பார்ப்பதற்கு ஒரு முடிவு இருக்கிறதா என்பதே அளவுகோலாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். மைசூருவின் சான்றுகளை இந்த அளவுகோலால் பார்க்கலாம்.

4. மைசூருவின் சான்றுகள்

4.1 ஒலிபரப்பிய உளவியலாளர்

மைசூருப் பல்கலைக்கழகத்தில் 1924இல் தொடங்கிய உளவியல் துறை இந்தியாவின் மிகப் பழைய உளவியல் துறைகளுள் ஒன்று. அதை நிறுவிய எம். வி. கோபாலசுவாமி இலண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் பயின்றவர். 1935 செப்டம்பரில் அவர் 30 வாட் திறனுள்ள சிறு ஒலிபரப்பியைத் தம் வீட்டில் வைத்துத் தனியார் வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஆகாசவாணி என்ற பெயர் அங்கிருந்துதான் பின்னாளில் நாடு முழுவதற்கும் போயிற்று. மனித மனத்தை ஆராய்ந்தவரே ஊடகத்தையும் நடத்தினார் என்பது கவனிக்கத்தக்கது. இன்றும் ஊடக நிறுவனங்களில் உளவியல் கற்றவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கேட்பவர் எழுந்து போகாதிருப்பதற்கு வழி தேடும் வேலையில். கோபாலசுவாமியின் நிலையத்துக்கு அந்தத் தேவை இல்லை. நிகழ்ச்சி முடிந்தால் கேட்டவர் எழுந்து போக வேண்டியதுதான்.

4.2 யாதவகிரி மாடியறை

ஆர். கே. நாராயண் 1906இல் சென்னையில் பிறந்தவர். தந்தை மைசூரு மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானதால் இந்த ஊர்க்காரரானார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், காகிதத்தில் ஆங்கிலம். 1930களில் சென்னையின் ‘ஜஸ்டிஸ்’ நாளிதழுக்கு மைசூரு நிருபராக வேலை பார்த்தார் (ஐயர் வீட்டுப் பிள்ளை நீதிக்கட்சிப் பத்திரிகைக்கு நிருபர் என்பதை நினைத்து அவரே சிரித்திருப்பார்). காலையில் சந்தை, நீதிமன்றம், கடைவீதி என்று சுற்றிச் செய்தி திரட்டி, வீடு திரும்பி எழுதி, அஞ்சலில் சேர்க்க வேண்டும். அச்சான நீளத்தைப் பொறுத்துத்தான் கூலி. வேலை போனபின்னும் நடை போகவில்லை. கடைக்காரரிடமும் வக்கீல் குமாஸ்தாவிடமும் நின்று பேசிக்கொண்டே ஊரைச் சுற்றும் அந்த வழக்கம்தான் மால்குடிக் கதைகளுக்குத் தீனி போட்டது.

1939இல் மனைவி ராஜம் டைஃபாய்டில் இறந்தார். தம் நாற்பதுகளில் நாராயண் யாதவகிரியில் ஒரு வீடு கட்டினார். லட்சுமிபுரத்துக் கூட்டுக்குடும்ப வீட்டிலிருந்து எழுதுவதற்காக அங்கே போய்வந்தார். மாடியில் எட்டுச் சன்னல்கள் வைத்த அறை. சாமுண்டி மலைக் கோயில், நகரத்துக் கோபுரங்கள், மேயும் மாடுகள், சரிவில் ஊர்ந்துபோகும் ரயில் எல்லாம் அங்கிருந்து தெரியும். எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்று கட்டியவருக்கு, அங்கே உட்கார்ந்தபின் ஒரு வரியும் ஓடவில்லை. காட்சி அத்தனை அழகு. எட்டுச் சன்னல்களையும் சாம்பல் நிறத் திரைச்சீலையால் மறைத்தார். அதன்பின் நாளுக்கு ஆயிரம் சொற்கள் வீதம் எழுதினார். 1974இல் வெளியான தன்வரலாற்றில் இதை அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

இதில் துறவு ஏதும் இல்லை. அவர் சன்னல்களை அடைத்துச் சுவராக்கவில்லை. திரைச்சீலையை விலக்க ஒரு நொடி போதும். ஆயிரம் சொல் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடலாம். அங்கே எல்லாரும் இருக்கிறார்கள். அறைக்கு ஒரு நேரம், தெருவுக்கு ஒரு நேரம். இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன. கைபேசி செய்திருக்கும் பெரிய மாற்றம், தெருவை அறைக்குள் கொண்டுவந்துவிட்டதுதான். எழுதும் மேசையில் சந்தை இரைகிறது. சந்தையில் நிற்கும்போதோ கை வேறொரு சந்தையைத் துழாவுகிறது. ஆகவே, நடுவயதில் குறைத்து வாழ்வது என்பது மனிதர்களைக் குறைப்பது என்று கொள்ளத் தேவையில்லை. நாராயணைவிட அதிகமாக மனிதர்களோடு பேசிய எழுத்தாளர் குறைவு. அவர் பிரித்து வைத்தது நேரங்களை.

1967இல் வெளிவந்த அவருடைய மிட்டாய்க்காரர் நாவலும் இங்கே சான்றாகிறது. அறுபதை நெருங்கும் ஜகன் கடையையும் மகனையும் விட்டு ஆற்றுக்கு அக்கரையில் ஒதுங்கப் புறப்படுகிறார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய மகன் மாலி, கதை எழுதும் இயந்திரம் ஒன்றைத் தயாரித்து விற்கும் திட்டத்தோடு வந்திருப்பவன் என்பதை இன்று படிப்பவர் புன்னகை இல்லாமல் கடக்க முடியாது. ஆனால் எல்லாவற்றையும் விட்டுப் போகும் ஜகன் காசோலைப் புத்தகத்தை விடவில்லை. மாலியோடு வந்த பெண் ஊர் திரும்ப நினைத்தால் பயணச்சீட்டுக்குப் பணம் தரவேண்டும் அல்லவா? விமர்சகர்கள் சிலர் இதை அரைகுறைத் துறவு என்று எள்ளலாகப் படிப்பார்கள். எனக்கு அதுவே நேர்மையான துறவாகப் படுகிறது. இன்னொருவருக்குத் தான் பட்ட கடன் எதுவோ அதற்குத் தேவையான கருவியை மட்டும் கையில் வைத்துக்கொள்வது.

4.3 ஒற்றைத் தாள்

‘சுதர்மா’ மைசூருவிலிருந்து வரும் சமஸ்கிருத நாளிதழ். களலெ நாடாதூர் வரதராஜ ஐயங்கார் 1970இல் தொடங்கியது. ஒரே தாள், இரண்டு பக்கம். பெரும்பாலான சந்தாதாரர்களுக்கு அஞ்சலில் போகும். அதாவது, நாளிதழ் என்றாலும் செய்தி ஓரிரு நாள் பழையதாகத்தான் கிடைக்கும். வரதராஜ ஐயங்காருக்குப் பின் மகன் கே. வி. சம்பத்குமாரும் மருமகள் ஜெயலட்சுமியும் நடத்தினார்கள். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ இருவருக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டது. சம்பத்குமார் 2021இல் காலமானார்.

சமஸ்கிருதப் பற்று, அதன் அரசியல் ஆகியவை இங்கே பொருளல்ல. வாசிப்பின் வடிவத்தைத்தான் பார்க்கிறோம். இரண்டு பக்கம் முடிந்தால் இதழ் முடிந்தது. வாசகர் மடித்து வைத்துவிடலாம். இதற்கு இணையப் பதிப்பும் உண்டு, அதுவும் அதே இரண்டு பக்கம்தான். ஆகவே காகிதம் நல்லது, இணையம் கெட்டது என்ற எளிய எதிர்நிலை இங்கே செல்லாது. இணையத்திலும் முடிவுள்ள பொருள் ஒன்றை வைக்கலாம், யாரும் தடுக்கவில்லை. 1978 முதல் மாலையில் வரும் ‘ஸ்டார் ஆஃப் மைசூர்’ போன்ற உள்ளூர் இதழுக்கும் இதே இயல்பு. யார் இறந்தார், எந்தச் சாலை தோண்டப்பட்டிருக்கிறது, எங்கே இன்று கச்சேரி என்று தெரிந்துகொண்டால் வேலை தீர்ந்தது. நடுவயது வாசகருக்கு உலகச் செய்தியைக் காட்டிலும் இவற்றில்தான் செய்வதற்கு ஏதோ இருக்கிறது. துக்கம் விசாரிக்கப் போகலாம், வேறு சாலையில் வண்டியைத் திருப்பலாம், கச்சேரிக்குக் கிளம்பலாம்.

4.4 கோகுலம்

கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் நடத்திய யோகசாலையும், அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் 1948இல் லட்சுமிபுரத்தில் தொடங்கிய நிறுவனமும் மைசூருவை உலக யோக வரைபடத்தில் சேர்த்தன. (நாராயண் குடும்பம் குடியிருந்த அதே லட்சுமிபுரம்.) பின்னர் நிறுவனம் கோகுலத்துக்கு மாறியது. பதஞ்சலியின் எட்டு உறுப்புகளில் ஐந்தாவது பிரத்தியாகாரம், புலன்களை அவற்றின் பொருள்களிலிருந்து உள்வாங்குவது. அதைக் கற்க வந்தவர்கள் தங்கும் தெருக்களிலேயே, தலைகீழாக நிற்கும் படம் இன்ஸ்டாகிராமில் ஏறிக்கொண்டிருப்பது பலரும் சொல்லிச் சலித்த முரண். அதைவிட அந்த மரபின் ஒரு விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் பயிற்சி கிடையாது. நல்ல பழக்கத்துக்கும் கட்டாய விடுமுறை. உடம்பு விரும்பினாலும் இல்லை. பழகுபவரின் மன உறுதியை நம்பாமல் நாட்காட்டியிடம் பொறுப்பை ஒப்படைக்கும் இந்த முறையைச் சமூக ஊடகக் குறைப்பாளர்கள் இன்னும் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை.

5. சோதனைகள் சொல்வது

ஆல்காட், ஜென்ட்ஸ்கோ முதலிய பொருளியலாளர்கள் 2018 அமெரிக்க இடைப்பருவத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்கள் ஒரு பிரிவினரின் முகநூல் கணக்கை முடக்கிவைக்கப் பணம் கொடுத்தார்கள். 2020இல் முடிவுகள் வெளியாயின. நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிஞ்சியது. அந்த நேரத்தில் மக்கள் தனியாகத் தொலைக்காட்சியும் பார்த்தார்கள், குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழித்தார்கள். மனநிறைவு கூடியது, ஆனால் சிறிதளவே. அரசியல் கசப்பு குறைந்தது. நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. சோதனை முடிந்தபின் பெரும்பாலோர் திரும்பினார்கள், ஆனால் முன்பைவிடக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். அற்புத மருந்து விற்பவர்கள் இந்த ஆய்வை மேற்கோள் காட்டும்போது, பலன் சிறியது என்ற வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சிறுமை ஏமாற்றம் தரவில்லை. மிஞ்சும் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்று முன்பே தீர்மானிக்காதவருக்கு அந்த இடத்தில் தொலைக்காட்சி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014இல் தொடங்கிய ஷட் மருத்துவமனைப் பிரிவு, தொழில்நுட்பத்தை அளவோடு பயன்படுத்தப் பழக்குகிறது. கவனிக்க வேண்டியது அதன் இலக்கு: அளவான பயன்பாடு, முழுவிலக்கம் அன்று. மதுவை விடுவதுபோல் கைபேசியை விட்டுவிட இயலாது; வங்கியும் மருத்துவரும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

6. விலகுபவரின் சுமை யார் தலையில்?

இதுவரை சான்றாக வந்தவர்களில் அநேகர் ஆண்கள். நாராயண் மாடியறையில் திரைச்சீலை போட்டுக்கொண்டபோது லட்சுமிபுரத்து வீட்டை யாரோ நடத்திக்கொண்டிருந்தார்கள். மைக்கேலா டி லியோனார்டோ என்ற மானிடவியலாளர் 1987இல், வாழ்த்து அட்டை அனுப்புவது, தொலைபேசியில் விசாரிப்பது, பண்டிகைக்கு அழைப்பது ஆகிய உறவு பேணும் உழைப்பு பெரும்பாலும் பெண்கள் செய்வது, கணக்கில் வராதது என்று காட்டினார். இன்று அந்த உழைப்பு நடக்கும் இடம் வாட்ஸ்அப். பள்ளிப் பெற்றோர் குழு, அடுக்குமாடித் தண்ணீர் லாரிக் குழு, மாமியாரின் மருந்துச் சீட்டு, டல்லாஸில் இருக்கும் மகள், கோயில் உற்சவக் கமிட்டி எல்லாம் ஒரே திரையில். கணவர் ஐம்பது வயதில் ஞானம் பெற்று எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேறினால், மறுநாள் முதல் அவருடைய அக்காவின் சஷ்டியப்தபூர்த்தித் தேதியை நினைவில் வைக்கவேண்டியவர் மனைவி. இந்த விலகலை நிதானமான வாழ்க்கை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. யாருக்கு என்ன வேலை என்று பேசிப் பிரித்துக்கொண்டபின் விலகுவது வேறு.

இன்னொரு தடையும் உண்டு. தனியாக விலகினால் செய்தி தெரியாமல் போகும் என்ற அச்சம். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் 2023இல் நடந்த ஓர் ஆய்வில், தனியாக விலகுவதற்கு மாணவர்கள் பணம் கேட்டார்கள். எல்லாரும் சேர்ந்து விலகுவதானால் தாங்களே பணம் தரவும் பலர் முன்வந்தார்கள். மகாராஷ்டிரத்துச் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்கான் என்ற ஊர் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எளிது. 2022 முதல் மாலை ஏழு மணிக்கு ஊரில் சங்கு ஒலிக்கும். ஒன்றரை மணி நேரம் கைபேசியும் தொலைக்காட்சியும் ஓய்வு. எல்லாரும் ஒன்றாக விலகுவதால் யாரும் எதையும் தவறவிடுவதில்லை.

மைசூருவின் யாதவகிரிக்கோ ஜெயலட்சுமிபுரத்துக்கோ ஒரே சங்கு போதாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அமெரிக்க அலுவலக நேரம். எதிர்வீட்டில் நள்ளிரவில் மகனோடு பேச்சு. நகரத்தில் அந்தச் சங்கை ஊதவேண்டிய அளவு வீடும் குழுவும்தான். வாட்ஸ்அப் 2018லேயே குழுவில் நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு இந்தியர்களின் கைபேசிகள் காலை வணக்கப் படங்களால் நிரம்பி வழிவதைக் கண்டு, அவற்றை அடையாளம் கண்டு நீக்க கூகுள் தனிக் கருவியே கொடுத்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். தண்ணீர் எப்போது வரும், மின்தடை எந்தப் பகுதியில், சங்கக் கூட்டம் என்றைக்கு என்ற மூன்று செய்திகளுக்காக இருக்கும் குழு, ரோஜாப் பூவும் பொன்மொழியும் இல்லாமல் இரண்டு வரியில் முடிந்துவிடலாம். அந்த அமைப்பை மாற்ற நிர்வாகி சில தட்டல்கள் தட்டினால் போதும். நான் அறிந்த குழுக்களில் நிர்வாகி ஐம்பதைத் தொட்டவர். காலை ஐந்தரைக்கு முதல் ரோஜாவை அனுப்புபவரும் பெரும்பாலும் அவரே.